எழுபத்து மூன்றாம் எண் உயிரினத்தை நீக்கக் கோரி, அதற்குப் பெயர் வைத்தவரே அளிக்கும் மனு

அனுப்புநர்:
முனைவர் கோ. வேண்டா,
உதவிப் பேராசிரியர் (விலங்கியல்),
படூர், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
கடலோரச் சிற்றுயிர்ப் பதிவேட்டுக் குழு,
செங்கல்பட்டு.

பொருள்: பதிவேட்டில் 73ஆம் எண்ணில் உள்ள உயிரினம் தனி இனம் அன்று, 31ஆம் எண்ணில் உள்ள உயிரினத்தின் பெண்ணே என்று உறுதியாகிவிட்டபடியால், 73ஆம் பதிவை நீக்கவும், அதன் பேரில் மூடப்பட்டுள்ள ஆனைமுதுகுப் பாறையைத் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள் 22.10.2025.
2. தங்கள் அலுவலகப் பதில் கடிதம், நாள் 10.11.2025.
3. எனது இரண்டாம் மனு, நாள் 24.11.2025 (பதில் இல்லை).
4. எனது மூன்றாம் மனு, 08.01.2026 அன்று நேரில் வந்து அளித்தது (பதில் இல்லை, தேநீர் கிடைத்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே பொருள் குறித்துத் தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் நான்காவது மனு இது. முதல் மனுவைப் பணிவோடும், இரண்டாவதைப் பொறுமையோடும், மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டும் எழுதினேன். நான்காவதை மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். இடையில் நடந்தவை அப்படிப்பட்டவை. பொதுவாகத் தங்களிடம் வருகிறவர்கள் எதையாவது சேர்க்கச் சொல்லி வருவார்கள். நான் எங்கள் வீட்டுப் பெயர் ஒன்றை எடுத்துவிடச் சொல்லி வருகிறேன். அதனால்தானோ என்னவோ, என் கோப்பை எந்த மேசையில் வைப்பது என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை.

2. கோப்பைப் புதிதாகத் திறப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தமாகக் கடலில் ஆம்பிபாடு என்றொரு கூட்டம் உண்டு. இரண்டு பக்கமும் வைத்து அமுக்கியது போன்ற உடம்பு, கூன் முதுகு, ஏகப்பட்ட கால்கள். பெரியது என்றாலே ஓர் அரிசி மணி அளவுதான். பாசியிலும் மட்டிக் கொத்திலும் படகின் அடிப்பக்கத்திலும் குடியிருக்கும். சின்ன மீன்கள் இவற்றைத் தின்னும், பெரிய மீன்கள் அவற்றைத் தின்னும், பெரிய மீனைத் தாங்களும் நானும் குழம்பு வைக்கிறோம். இவற்றைப் பிடித்து, உருப்பெருக்கியின் கீழே வைத்து, ஊசியால் கால் காலாகப் பிரித்து, படம் வரைந்து, இதுவரை யாரும் எழுதாத இனம்தான் என்று உறுதியானால் பெயர் வைப்பது என் வேலை. சம்பளம் என்னவோ வகுப்பு எடுப்பதற்குத்தான். இது ஆசைக்குச் செய்வது.

3. அணுபுரம் குடியிருப்பில் வசிக்கும் திரு. சுப்புராமன் அவர்களுக்கும் இதே ஆசை. கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். கடல்நீர்க் குழாய்களில் என்னென்ன ஒட்டி வளர்கிறது என்று பார்க்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். 2019 பிப்ரவரியில், கரையோரப் பாசியை வாளியில் அலசியபோது கிடைத்த ஒரு புதிய ஆம்பிபாடை வெளியிட்டு, அதற்கு அணுபுரத்தின் பெயரையே வைத்தார். குடியிருப்பு முழுவதும் மைசூர்பாகு வழங்கினார். நலச் சங்கத்தார் வைத்த பேனரில் அந்த ஆம்பிபாடை எருமை அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் இவரைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஆனைமுதுகுப் பாறையில் எடுத்த மட்டிக் கொத்துகளுக்குள்ளிருந்து வேறொரு புதிய ஆம்பிபாடை நான் வெளியிட்டேன். அதற்கு என் தாயாரின் பெயரை வைத்தேன்.

4. என் தாயார் ஞானம்மாள் கருங்குழியில் வசிக்கிறார். அவருக்கு நான்கு பெண்கள், நான் நான்காவது. என் பெயரைப் பார்த்ததுமே தங்களுக்கு விவரம் புரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில், பெண் போதும், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். வைத்தது பெரியப்பா. அம்மா ஒருநாளும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நாற்று நட்ட சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, இவளை மேலே படிக்க வைக்க என்ன செய்யவேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டவர் அவர். ஆகையால் பெயர் வைக்கும் உரிமை என் கைக்கு வந்த முதல் தடவையே, யோசிக்காமல் அவர் பெயரை வைத்தேன். கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருபவர் வரை எல்லாருக்கும் அதைக் காட்டி, "கடல்ல எம்பேர்ல ஒரு உசுரு கீது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா கீது" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார்.

5. இனி எங்கள் தவறு. திரு. சுப்புராமன் பார்த்தவை அத்தனையும் ஆண். நான் பார்த்தவை அத்தனையும் பெண். பெண் இதுவரை காணப்படவில்லை என்று அவரும், ஆண் இதுவரை காணப்படவில்லை என்று நானும் நாணயமாக எழுதியும் வைத்தோம். பிறகு ஆறு ஆண்டுகள் ஒரே கருத்தரங்குகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து, உங்களுடையது அரிதா என்னுடையது அரிதா என்று வாதாடினோம். இரண்டும் ஒன்றாக இருக்கலாமே என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

6. இத்தனை படித்தவர்களுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தாங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். ஓர் உயிரினம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிய எங்களிடம் ஒரு கேள்வி வரிசை இருக்கிறது. ஆம் என்றால் இந்தப் பக்கம் போ, இல்லை என்றால் அந்தப் பக்கம் போ என்று வழிகாட்டிக்கொண்டே போகும். தொடக்கத்திலேயே வரும் ஒரு கேள்வி, இரண்டாம் ஜோடிக் கை தடித்துப் பெரிதாக இருக்கிறதா என்பது. அவருடையதற்கு உடம்பில் பாதி அளவு கை. என்னுடையதற்கு இருப்பதே தெரியாத கை. அவருடையது ஆம் பக்கம் போயிற்று, என்னுடையது இல்லை பக்கம் போயிற்று. செங்கல்பட்டில் நின்று ஒருவரைத் தாம்பரம் பேருந்திலும் மற்றவரைத் திண்டிவனம் பேருந்திலும் ஏற்றிவிட்ட கதைதான். பிறகு அவை சந்திக்க வழியே இல்லை. அந்தக் கேள்வி வளர்ந்த ஆணுக்கு மட்டுமே உரியது, பெண்ணை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். எனக்கு நானே நடத்திக்கொள்ளவில்லை.

7. இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் தொழிலில், பிடித்த கையோடு உயிரினத்தை ஸ்பிரிட்டில் போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் கெட்டுவிடும். ஆம்பிபாடுகளில் ஆண், பெண்ணைக் கையால் பிடித்தபடி நாள்கணக்கில் சுமந்துகொண்டு திரியும். ஸ்பிரிட் பட்டதும் பிடி தளர்ந்துவிடும். நாங்கள் பாட்டிலைத் திறக்கும்போது எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எத்தனை ஜோடிகளை இப்படிப் பிரித்து வைத்தோமோ தெரியாது. அவர் வெளியே பாசியில் திரியும் ஆண்களையே அள்ளினார், நான் மட்டிகள் பாறையைப் பற்றிக்கொள்ளும் நார்களுக்கு நடுவே மண்கூடு கட்டி வாழும் பெண்களையே நோண்டி எடுத்தேன் என்பது மீதி விவரம்.

8. இந்தத் தவறு எங்கள் இருவரோடு நின்றிருந்தால் தங்களுக்குத் தொல்லை கொடுத்திருக்க மாட்டேன். தங்கள் குழு தயாரித்த பதிவேட்டில் அவருடையது 31ஆம் எண்ணிலும் என்னுடையது 73ஆம் எண்ணிலும் ஏறின. சென்ற செப்டம்பரில் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 73ஆம் எண் இனத்துக்கு ஆண் துணை அறவே இல்லாததால் அது அழியும் நிலையில் உள்ளது என்றும், எனவே அது வாழும் ஆனைமுதுகுப் பாறையில் 01.11.2025 முதல் மனிதர் எவரும் கால் வைக்கக் கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. ஆதாரமாகக் காட்டப்பட்டது என் கட்டுரையின் அந்த ஒற்றை வாக்கியம். காணப்படவில்லை என்று நான் எழுதியதை, இல்லவே இல்லை என்று குழு எடுத்துக்கொண்டது. நல்ல எண்ணத்தில்தான் எடுத்துக்கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

9. அந்தப் பாறையில் மட்டி எடுத்துப் பிழைப்பவர்கள் பதினான்கு பெண்கள். அவர்களில் மேரி என்பவர் பத்து ஆண்டுகளாக எனக்கு மட்டிக் கொத்து கொண்டுவந்து தருகிறவர். 73ஆம் எண் உயிரினத்தை முதலில் பாறையிலிருந்து எடுத்த கையும் அவருடையதுதான். அறிவிப்பு வந்த மறுநாள் நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார். "இன்னா மேடம், கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குப் பாற மொத்தத்தையும் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களே. நாங்க எங்க போவோம்? அதுக்கு ஆம்பள இல்லன்னா நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை மறைக்காமல் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். கோபத்தோடு வந்தவர்தான், போகும்போது, பாறையை மூடுவதற்குள் உங்களுக்குக் கடைசியாக ஒரு கொத்து எடுத்துவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

10. சொன்னபடி 14.10.2025 அன்று கொண்டுவந்தார். அன்று பார்த்து எங்கள் ஆய்வகத்தில் ஸ்பிரிட் இல்லை. ஸ்பிரிட் வாங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நான் விண்ணப்பம் அனுப்பியதே தாமதம், தப்பு என்மேல். வேறு வழியில்லாமல் கொத்தைக் கடல்நீரோடு என் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு வைத்தேன். அன்று மதியம் கேன்டீனில் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், மட்டியின் நாருக்கு நடுவிலிருந்து என் தாயார் பெயர் கொண்டவள் தலையை நீட்டுகிறாள். அவளைப் பெரிய கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறது திரு. சுப்புராமனின் அணுபுரத்து ஆண். இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டுக் காட்டி, நான் பார்ப்பதைத்தான் அவர்களும் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு நான் போகவில்லை என்பதையும், யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

11. தொலைபேசியில் சொன்னதும் திரு. சுப்புராமன் அணுபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து உருப்பெருக்கியில் முட்டிக்கொண்டார். இருபது நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அம்மா, ஆறு வருஷமா சண்டை போட்டோம். இப்போ சம்பந்தி ஆயிட்டோமே!" என்றார். சிரித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் அடுத்தது உறைத்தது. இரண்டும் ஒரே இனம் என்றால் பெயரும் ஒன்றுதான் இருக்கலாம். எது முதலில் அச்சானதோ அதுவே நிற்கும். அவருடையது ஒன்பது மாதம் மூத்தது. சிரிப்பை நிறுத்தியவர் முதலில் அவர்தான். "என் பேரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்மா, உங்கம்மா பேரே இருக்கட்டும்" என்றார். விதி அதற்கு இடம் தராது. பெயர் வைத்தவரே கெஞ்சினாலும் தேதிக்குத்தான் மரியாதை. அது அவருக்கும் தெரியும், தெரிந்தேதான் சொன்னார். அவர் மேல் எனக்கு இருந்த ஆறு வருடத்துக் கசப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

12. தாயாரிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. தொலைபேசியில் சொல்லும்போது அழுதும்விட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பொண்ண கட்டிக் குடுத்தா இன்ஷியல் மாறாதா? அதுக்காடி அழுவுற? பாவம், ஒண்டியா கீதுன்னுல்ல நெனச்சிகினு இருந்தோம். ஜோடி கீதே, அத்த பாரு" என்றார். கல்யாணத்தால் பெயர் மாறவில்லை, தேதியால்தான் மாறியது, நான் பத்து மாதம் முந்தியிருந்தால் மாப்பிள்ளைதான் பெயரை மாற்றிக்கொண்டிருப்பான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருங்குழியில் பேருந்து ஏறி, செங்கல்பட்டிலும் திருப்போரூரிலும் மாறி, தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம் சகிதம் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் திரு. சுப்புராமனும் அவர் துணைவியாரும் அதிரசத்தோடு வந்திருந்தார்கள். மேரியும் வந்தார். ஆய்வகத்தில் உண்பொருள் கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்று எல்லாரும் அதிரசம் சாப்பிட்டோம்.

13. தாயார் தம் வாழ்நாளில் முதன்முறையாக உருப்பெருக்கியில் கண் வைத்தது அன்றுதான். தம் பெயர் கொண்ட உயிரை ஆறு ஆண்டு கழித்து அன்றுதான் உயிரோடு பார்த்தார். அதுவரை அவர் பார்த்தது கட்டுரையில் நான் வரைந்த கோட்டுப் படம் மட்டுமே. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மாப்ள கை கெட்டி. புடிச்சா வுட மாட்டான்" என்று மட்டும் சொன்னார். பிறகு மேரிக்கு இடம் விட்டார். மேரி பார்த்துவிட்டு, "இதுக்கா எங்கள பாறையில ஏறக்கூடாதுன்னாங்கோ? நல்லா தான கீதுங்கோ ரெண்டும்" என்றார். அந்த அறையில் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை அரசு மனுவின் நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும். புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்த நாளில்கூட அவ்வளவு இல்லை.

14. இனி தங்கள் அலுவலகத்தில் நடந்தது. முதல் மனுவுக்கு வந்த பதிலில், பதிவேட்டில் சேர்க்கப் படிவம் உண்டு, நீக்கப் படிவம் இல்லை என்றும், 31ஆம் எண் இனத்துக்கு உரியவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இணைக்கப்படவில்லை என்றும் இரண்டு குறைகள் சுட்டப்பட்டிருந்தன. இரண்டாவது குறையை உடனே நிவர்த்தி செய்தோம். பெண்ணைத் தம் வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொள்வதில் தமக்கு முழுச் சம்மதம் என்று திரு. சுப்புராமன் வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அது இரண்டாம் மனுவோடு தங்களிடம் இருக்கிறது. முதல் குறை அப்படியே நிற்கிறது. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

15. மூன்றாம் முறை நேரில் வந்தபோதுதான் உண்மைக் காரணம் தெரிந்தது. பிரிவு எழுத்தர் திரு. கலைவாணன் அன்பானவர், என் கோப்பைத் தூசி படியாமல் வைத்திருக்கிறார், அவர்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. வரும் 20ஆம் தேதி மாமல்லபுரத்தில் நூறு சிற்றுயிர்கள் என்ற தலைப்பில் பதிவேடு நூலாக வெளிவரப் போவதை அவர்தான் சொன்னார். "மேடம், நூறுன்னு போர்டு அடிச்சாச்சு. தொண்ணூத்தொம்பதுன்னு போட்டா செருப்புக் கடையில வெல போட்ட மாதிரி இருக்காதா? வேற ஒண்ணு புதுசா சீக்கிரம் கண்டுபுடிச்சிக் குடுங்களேன், நானே சேத்துடறேன்" என்றார். நான் கடலை நோக்கிப் போய் 20ஆம் தேதிக்குள் ஒரு புதிய இனம் வேண்டும் என்று கேட்டால் அது கொடுக்காது, ஐயா. ஒரு வேளை கொடுத்தாலும், பொய்யாக இருக்கும் ஓர் எண்ணை மெய்யாக்க அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வராது. தொண்ணூற்றொன்பது நல்ல எண்தான். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் யாரும் அங்கே வந்து ஆம்பிபாடுகளை எண்ணப் போவதில்லை.

16. ஆனால் பாறையில் ஏற முடியாத பதினான்கு பேரும் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. மேரி இப்போது அதிகாலை எழுந்து, பேருந்து ஏறி வந்து, படூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறார். கடலுக்குள் இடுப்பளவு நிற்கிற உடம்புக்குச் சமையல் மேடைக்கு முன்னால் நிற்பது மூச்சு முட்டுகிறது என்கிறார். அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும் இரண்டு மூன்று நாள்களில்தான் பாறையின் அடிப்பகுதி வெளியே தெரியும், நல்ல மட்டி அங்கேதான் இருக்கும். மாசி அமாவாசை வரும் 17ஆம் தேதி. ஏற்கெனவே மூன்று அமாவாசைகள் என் வாக்கியத்தால் அவர்களுக்கு வீணாகிவிட்டன. நான்காவதையும் வீணாக்கினேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

17. இந்த இனம் அழிந்துபோய்விடும் என்ற குழுவின் அச்சத்தைப் போக்கும் கடமையும் எனக்கு இருக்கிறது. ஆகையால் தங்களுக்கு ஒரு நற்செய்தி. டிபன் பாக்ஸில் இருந்த அந்தப் பெண் சென்ற நவம்பர் முதல் வாரத்தில் குட்டிகளை வெளியே விட்டது. ஆம்பிபாடு பெண்ணுக்கு மார்புக்குக் கீழே ஒரு பை உண்டு, முட்டை அங்கேயே பொரிந்து குஞ்சுகள் முழு உருவத்தோடு இறங்கி நடக்கும். பதினொன்று இருந்தன. எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. ஆறாம் வாரத்தில் அவற்றில் நான்கிற்கு மட்டும் இரண்டாம் ஜோடிக் கை பருக்கத் தொடங்கியது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவற்றில் சில 31ஆம் எண்ணாகவும் சில 73ஆம் எண்ணாகவும் வளர்ந்ததை நாங்கள் நாள்தோறும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இதைவிட நல்ல சாட்சியம் எங்கள் துறையில் கிடையாது. இன்று காலை எண்ணியபோது, பேரப்பிள்ளைகளையும் சேர்த்து நாற்பத்தேழு. டிபன் பாக்ஸ் போதாமல் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறோம். பாறைமேல் ஏற முடியாவிட்டாலும், கரையிலிருந்தே வாரம் இரண்டு கேன் கடல்நீர் மொண்டு அனுப்பிவைப்பவர் மேரிதான்.

18. எனவே, (அ) பதிவேட்டின் 73ஆம் எண்ணை நீக்கி, அதை 31ஆம் எண்ணோடு சேர்க்குமாறும், (ஆ) மாசி அமாவாசைக்கு முன்பாக ஆனைமுதுகுப் பாறையைத் திறந்துவிட உத்தரவிடுமாறும் தங்களை வேண்டிக்கொள்கிறேன். திரு. சுப்புராமனும் நானும் சேர்ந்து எழுதி, சென்ற மாதம் வெளியான திருத்தக் கட்டுரையும், வளர்ச்சிப் படங்களும், பதினான்கு பெண்களின் கையொப்பமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. நீக்கப் படிவம் இல்லாதது தடையானால், எந்தத் தாளிலும் எந்த இடத்திலும் நான் கையெழுத்துப் போடத் தயார். உருப்பெருக்கியையும் கண்ணாடித் தொட்டியையும் தூக்கிக்கொண்டு தங்கள் அறைக்கே வரவும் தயார். பார்த்துவிட்டுத் தாங்கள் சிரிக்காமல் இருக்கமாட்டீர்கள்.

19. கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள், இது என் தாயாருடையது. அவர் ஆய்வகத்துக்கு வந்த அன்று, எல்லாரும் போன பிறகு அவரைப் பேருந்து ஏற்றப் போனேன். பேருந்து வந்ததும், ஏறுவதற்கு முன்னால், "அப்போ எம்பேர அழிச்சிடுவாங்களா கண்ணு?" என்று கேட்டார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் மனதில் அது இருந்திருக்கிறது. எங்கள் துறையில் பெயரை அழிக்கும் வழக்கம் கிடையாது என்று சொன்னேன். தோற்ற பெயரை வென்ற பெயருக்குக் கீழே, வைத்தவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்போம். இனி அந்த உயிரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த வரியையும் சேர்த்தே எழுதவேண்டும். நூறு ஆண்டு கழித்து எழுதுகிறவரும் ஞானம்மாள் என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொன்னேன். கேட்டுவிட்டுப் படியேறி உள்ளே போய் உட்கார்ந்தார். சன்னல் வழியே, "அந்த ஆபீஸ்காரங்களுக்கும் சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன், ஐயா. ஆகவே தாங்கள் 73ஆம் பதிவை அடிக்கும்போது அருள்கூர்ந்து ஒயிட்னர் தடவ வேண்டாம், மேலே தாள் ஒட்டவும் வேண்டாம். ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போதும். கோட்டுக்கு அடியில் ஞானம்மாள் என்ற பெயர் படிக்கும்படி இருக்கவேண்டும். அவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இடம்: படூர்
நாள்: 06.02.2026

இங்ஙனம்,
நான்காவது மனுவிலும் நம்பிக்கை குறையாத,
(ஒப்பம்)
கோ. வேண்டா